வெள்ளைப் புடவையில் நாங்கள் மூவர்!



நான் பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். பழநி, ராமேஸ்வரம் தவிர வேறு ஊர் பார்க்காத நான், 2024 டிசம்பரில் இலங்கையில் உள்ள அனுராதபுரம் போய் வந்தேன். அதுவும் மாமியாருடன்! "மாமியாரோடு டூரா? உனக்கு ரொம்பத்தான் தைரியம்" என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டல் செய்தார். போய் வந்த பிறகு மனசில் நிற்கிற ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள் இல்லையா? அதில் 1974-ல் அத்தையின் குடும்பமும் வந்தது. அப்போது அத்தைக்கு 13 வயது. கல்யாணமாகிவிட்ட அக்கா மட்டும் புருஷனோடு அங்கேயே தங்கிவிட்டார்.

தலைமன்னார் ரயிலில் அழுதுகொண்டே வந்தபோது நடு ராத்திரி ஒரு பெரிய ஸ்டேஷன் வந்ததாம். "அனுராதபுரம்னு போர்டு. 'இங்க புத்தர் மரம் இருக்கு, கும்பிட்டுக்கோ பாப்பா'ன்னு எங்கப்பா சொன்னாரு. இருட்டுல ஒண்ணும் தெரியல." இந்தக் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

அந்த அக்கா 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வவுனியா பக்கம் குடியேறிவிட்டார். போனில் பேசுவார்களே தவிர, ஐம்பது வருஷமாக முகம் பார்க்கவில்லை. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீயே கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். சீட்டுப் பணத்தை எடுத்து, பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, திருச்சியில் இருந்து கொழும்புக்கு விமானம் ஏறினோம்.

அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுததை எழுத எனக்குத் தெரியாது. மறுநாளே அத்தை கேட்டது ஒன்றுதான். "அக்கா, அந்த மரத்தைப் பாக்கணும்."

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாமனார் இறந்து ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அத்தை அடுப்படியோடு சரி. என் மகள் காதுகுத்துக்குக்கூட வாசல் நிலையைத் தாண்டி வரவில்லை. "வாங்க அத்தை" என்று நான் ஒரு வார்த்தை கூப்பிட்டதில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான்.

நாங்கள் போனது டிசம்பர் பௌர்ணமி அன்று. இலங்கையில் பௌர்ணமியைப் போயா என்பார்கள், அரசு விடுமுறை. அதிலும் டிசம்பர் போயா, சங்கமித்திரை அந்த மரக்கிளையைக் கொண்டு வந்த நாள் என்று கொண்டாடுகிறார்கள். கிளம்பும்போது பெரியம்மா மூன்று வெள்ளைப் புடவையை எடுத்து வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாலி கட்டினவள் வெள்ளை உடுத்துவதா? அத்தையும் பதறி, "அவ ஏன் உடுத்தணும், வேணாம்" என்றார். "அந்த ஊருக்கு எல்லாரும் வெள்ளைதான். போய்ப் பாருங்க" என்று பெரியம்மா சிரித்தார். அரை மனசோடு உடுத்திக்கொண்டேன்.

வவுனியாவில் இருந்து வேனில் ஒன்றரை மணி நேரம். அனுராதபுரம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் தலைநகராக இருந்த ஊர். 1982-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வாசலில் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். காரணம் இருக்கிறது. 1985 மே மாதம் விடுதலைப்புலிகள் இந்த ஊருக்குள் புகுந்து, இந்த மரத்தடியில் கும்பிட்டுக் கொண்டிருந்தவர்களையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 1977-ல் தமிழர் என்பதற்காக அடிபட்டு ஓடி வந்தவர் பெரியம்மா. இரண்டு பக்கமும் நெஞ்சில் பாரம். கூட்டத்தில் தமிழில் சத்தமாகப் பேசவே எங்களுக்குத் தயக்கமாக இருந்தது.

பூக்கடையில் ஒரு சிங்களப் பாட்டி தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக மடித்து விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தைக்குச் சின்ன வயசுச் சிங்களம் நாக்கில் வந்துவிட்டது. "மல்" என்று பூவைக் காட்டிக் கேட்டார். அந்தப் பாட்டி பெரியம்மாவைக் காட்டி, "அக்கா?" என்றார். சிங்களத்திலும் அக்காவுக்கு அக்காதானாம்! அத்தை தலையாட்டியதும் ஒரு தாமரை கூடுதலாகக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்று கையசைத்தார்.

பெரிய ஆலமரம் போல இருக்கும் என்று நினைத்துப் போனேன். இல்லை. உயரமான மேடையில், தங்க நிற வேலிக்குள், ஒல்லியான கிளை ஒன்று தங்க நிறத் தாங்குகோல்களில் சாய்ந்து நிற்கிறது. கிட்டே போக முடியாது, கீழே நின்றுதான் கும்பிட வேண்டும். புத்தர் ஞானம் பெற்ற புத்தகயா அரச மரத்தின் கிளை இது. 2,200 வருஷத்துக்கு மேலாக இந்த மரத்தைப் பாதுகாத்து வருகிறார்கள்.

இது எப்படி வந்தது தெரியுமா? மகாவம்சத்தில் சொல்லியிருப்பதைப் பெரியம்மாவின் மகன் விளக்கினார். அரச குடும்பத்துப் பெண்ணான அனுலா, தானும் துறவியாக வேண்டும் என்று கேட்டாள். பெண்களுக்குத் துறவு கொடுக்க ஆண் துறவிகளால் முடியாது. அதனால் மகிந்தர் தன் தங்கை சங்கமித்திரையை வரவழைத்தார். அசோகச் சக்கரவர்த்தியின் மகள் அவள். அவள் கொண்டு வந்ததுதான் இந்தக் கிளை. ஒரு பெண் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டாள், இன்னொரு பெண் கடல் தாண்டி வந்தாள்!

அதைக் கேட்டுக்கொண்டே சுற்றிலும் பார்த்தேன். புதுப் பெண், கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, கிழவி எல்லோரும் வெள்ளை. யார் சுமங்கலி, யார் இல்லை என்று சொல்லவே முடியவில்லை. "முன்னால போங்க" என்று யாரோ வழி விட்டார்கள். என் அத்தை, வாசல் நிலையைத் தாண்டாத அத்தை, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய்த் தாமரையை வைத்தார். யாரும் தடுக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பிறகு ருவன்வெலிசாய தூபி பார்த்தோம். 300 அடிக்கு மேல் உயரம், பால் வெள்ளை. கட்டி முடிவதற்குள் துட்டகைமுனு ராஜா படுத்த படுக்கையாகிவிட, தம்பி வெள்ளைத் துணியைப் போர்த்தி முடிந்த மாதிரி காட்டினானாம். ஜேதவன தூபியில் மட்டும் 9 கோடிக்கு மேல் செங்கல் என்றார்கள். அபயகிரியில் ஒரு கதை கேட்டேன். 1,600 வருஷத்துக்கு முன் சீனாவில் இருந்து வந்த பாகியான் என்ற துறவி, யாரோ காணிக்கையாக வைத்த தன் நாட்டு வெள்ளைப் பட்டு விசிறியைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்து அழுதுவிட்டாராம். அத்தை மெதுவாக, "சாமியாருக்கே அப்படின்னா நமக்கென்ன" என்றார்.

திரும்பும் வழியில் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி, போர்டைப் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

போக நினைக்கும் தோழிகளுக்குச் சில வார்த்தை. வெளிர் நிற உடையில் போங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், வெயில் நாளில் கல் சுடும், கனமான சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று போட்டோ எடுக்காதீர்கள். பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும்.

ஊர் திரும்பி இரண்டு மாதத்தில் என் ஓரகத்திக்கு வளைகாப்பு. அத்தை வழக்கம் போல அடுப்படிக்குப் போனார். நான் கையைப் பிடித்து இழுத்து வந்து, "முதல் வளையல் நீங்க போடுங்க அத்தை" என்றேன். சில முகங்கள் சுளித்தன. ஓரகத்தி ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினாள். அத்தைக்குக் கை நடுங்கி வளையல் ஏறவே இல்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன்.

ஓரகத்திக்கு மே மாதம் சுகப்பிரசவம். பெண் குழந்தை. இதைச் சொல்லத்தான் எழுதினேன், தோழிகளே. உங்கள் வீட்டு அடுப்படியிலும் ஓர் அத்தை நின்றுகொண்டிருந்தால், நீங்களே போய்க் கூப்பிடுங்கள்.

– ஒரு வாசகி, கோத்தகிரி.