வாசலுக்கு ஒரு காவல் மணி

தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரலைச் சுற்றிய ஊர்களில் வீடுகள் அமைந்திருக்கும் விதத்தை அங்கத்தினர்கள் அறிவார்கள். தெருவோரம் ஒரு படல். படலைத் திறந்தால் இருபுறமும் வாழை. வாழைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பாதையின் முடிவில் வீடு. படலருகே நின்று ஒருவர் அழைத்தால் வீட்டுக்குள் இருப்பவருக்குக் கேட்பது அரிது. தறி ஓடுகிற வீடாக இருந்தால் சொல்ல வேண்டுவதில்லை. நாடா ஓடும் ஓசையிலும் பலகை அடிக்கும் ஓசையிலும் வாசலில் நிற்பவரின் குரல் அமுங்கிப் போகும்.

ஏரலை அடுத்த தோப்பு வீடு ஒன்றில் முதிய ஆச்சி ஒருவர் இருக்கிறார். பகலில் பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவார்கள். மாதந்தோறும் அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை கொண்டு வரும் சுகாதாரப் பணியாளர், ஒரு மாதத்தில் இருமுறை வந்து படலருகே நின்று அழைத்துப் பார்த்துத் திரும்பிவிட்டார். ஆச்சிக்குக் காது சற்று மந்தம்; அவர் வந்ததே தெரியாது. மாத்திரை தீர்ந்து பல நாள் கழித்துத்தான் வீட்டார் அறிந்தார்கள். அதே வீட்டுத் தோப்பில் முற்றிய தார்கள் இரண்டு ஓர் இரவில் காணாமற் போயின. நல்லவர் வந்ததும் தெரியவில்லை. அல்லவர் வந்ததும் தெரியவில்லை. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக அவ்வீட்டில் கம்பியில்லாத வாசல் மணி ஒன்றை அமைக்க நாம் உதவினோம். அதில் நாம் செய்த பிழைகளும் கற்ற பாடங்களும் நமது அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

கருவியின் தன்மை

இக்கருவிக்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று பாதையோரம் வைக்கப்படும் உணர்கருவி. மற்றொன்று வீட்டுக்குள் இருந்து ஒலிக்கும் மணிப்பெட்டி. இரண்டுக்கும் இடையே கம்பி இல்லை. ஆள் நடமாட்டத்தை உணர்ந்ததும் முதற்பாகம் வானொலி அலை மூலம் செய்தி அனுப்புகிறது. மற்றது மணி அடிக்கிறது.

கம்பியின்றி மணி அடிப்பது இன்று தோன்றிய அதிசயம் அன்று. நமது நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் 1895-ம் ஆண்டு வாக்கில் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களுக்கு அப்பால் இருந்த மணியை மின்காந்த அலைகளால் ஒலிக்கச் செய்து காட்டினார். அன்று அறிஞர்கள் கூடி வியந்த காரியத்தை இன்று கைக்கு அடக்கமான சிறு பெட்டி செய்கிறது.

உணர்கருவி ஆளை எப்படி அறிகிறது? நமது உடல் எந்நேரமும் வெப்பக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். கருவியின் முகப்பில் உள்ள வரிவரியான பிளாஸ்டிக் வில்லை, எதிரே உள்ள இடத்தை விசிறி மடிப்புகள் போலப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒருவர் ஒரு பட்டையிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும்போது உள்ளே விழும் வெப்பக் கதிர் மாறுகிறது. அந்த மாற்றமே செய்தியாகிறது. கருவி தானாக எந்தக் கதிரையும் வீசுவதில்லை. வருவதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. ஆதலால் அதற்கு மிகச் சொற்ப மின்சாரமே போதும். சிறு பாட்டரிகளில் மாதக்கணக்கில் இயங்கும்.

இந்தத் தன்மையை அறிந்தால் வைக்கும் இடம் விளங்கும். ஆள் கருவியை நோக்கி நேரே நடந்து வந்தால் பட்டைகளைக் கடப்பது குறைவு, உணர்வதும் தாமதம். பாதைக்குக் குறுக்கே பார்க்கும்படி வைத்தால் ஓரிரண்டு அடியிலேயே உணர்ந்துவிடும்.

நாம் செய்த பிழைகள்

முதல் நாள் நாம் கருவியைப் படல் தூணில் தெருவை நோக்கிக் கட்டினோம். வருபவரை முன்கூட்டியே அறியலாம் என்பது எண்ணம். நடந்தது வேறு. தெருவில் போன சைக்கிள், ஆடு, மாடு அனைத்துக்கும் மணி அடித்தது. பிறர் நடமாடும் பொதுத் தெருவைக் கண்காணிப்பது முறையும் அன்று. ஆகவே கருவியைத் திருப்பித் தோப்பை நோக்கி வைத்தோம். வெயில் ஏறிக் காற்று வீசத் தொடங்கியதும் ஆள் இல்லாமலே மணி அடித்தது. வெயிலில் சூடேறிய அகன்ற வாழை இலைகள் அசையும்போது அவையும் கருவிக்கு ஆள் போலவே தோன்றுகின்றன.

ஆச்சி அப்போது சொன்ன வார்த்தை நம் மனத்தில் நின்றது: “தம்பி, ஆள் வராமல் மணி அடித்தால் நான் எத்தனை தடவை எழுந்து வாசலுக்குப் போவேன்? நாலாம் தடவை மெய்யாகவே ஆள் வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.”

இதைவிடச் சிறந்த இலக்கணம் காவல் மணிக்கு இல்லை. வீணாக அடிக்கும் மணி, அடிக்காத மணியைவிடக் கேடானது.

பின்னர்ப் படலுக்கு உட்புறம் பத்தடி தள்ளி, பாதையோரத்தில் ஒரு கல்தூணைத் தெரிந்தெடுத்தோம். தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், பாதைக்குக் குறுக்கே, எதிரே இருந்த மதிற்சுவரைப் பார்க்கும்படி கருவியைப் பொருத்தினோம். இடையில் தொங்கிய இலைகளைக் கழித்தோம். மேலே சிறு கூரை வைத்து மழையும் நேர் வெயிலும் படாமல் செய்தோம். நாய் கடந்தபோது மணி அடிக்கவில்லை. ஆள் கடந்தபோது அடித்தது. ஒருவர் பாதையில் நடக்க, மற்றொருவர் வீட்டுக்குள் இருந்து கேட்க, இவ்வாறு பலமுறை சோதித்த பின்பே ஆணியை இறுக்கினோம்.

மேலும் சில விஷயங்கள் கவனத்துக்கு உரியவை. கண்ணாடிக்குப் பின்னால் கருவியை வைக்கலாகாது. கண்ணாடி வெப்பக் கதிரைத் தடுத்துவிடும். சித்திரை, வைகாசி நண்பகலில் தரையும் சுவரும் உடல் வெப்பத்தை எட்டும்போது கருவியின் உணர்வு மங்கும். அது பழுது அன்று. விற்பவர் கூறும் தூரம் பெரும்பாலும் வெட்டவெளியில் அளந்தது. வாழைத் தண்டில் பெரும்பங்கு நீரே. நீர் வானொலி அலையை உறிஞ்சும். இரும்புக் கதவு அலையை மறிக்கும். அடர்ந்த தோப்புக்குள் அத்தூரத்தில் பாதியையும் எதிர்பார்ப்பதற்கில்லை. மணிப்பெட்டியை வீட்டின் உள்ளறையில் வைக்காமல் பாதைப்பக்கத்து அறையில், சற்று உயரத்தில் வைப்பது நலம். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் குறைந்த சக்தியுள்ள கருவிகளை உரிமம் இன்றி உபயோகிக்கலாம். வாங்கும்போது இதைக் கேட்டறிவது நன்று.

பாட்டரி பற்றி

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை இப்பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. ஏரல் வெள்ளத்தில் மூழ்கியது. மின்சாரம் இல்லை, கைப்பேசிகளும் பயன்படவில்லை. சுவரில் செருகிய சாதனம் எதுவும் அந்நாட்களில் உதவவில்லை.

ஆகவே ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறோம். இத்தகைய மணிகள் பலவற்றில் உணர்கருவி மட்டுமே பாட்டரியில் இயங்கும்; மணிப்பெட்டியை மின்சாரத்தில் செருக வேண்டும். மின்சாரம் நின்றால் மணியும் ஊமையாகும். இரண்டு பாகமும் பாட்டரியில் இயங்குவதையே கேட்டு வாங்குக. பழைய பாட்டரியையும் புதியதையும் கலந்து இடாதீர்கள். நமது கடற்காற்றில் உப்பு உண்டு. பாட்டரி முனைகளை மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, பச்சையோ வெண்மையோ படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். தீர்ந்த பாட்டரியை வாய்க்காலில் எறிவது, நாம் பாய்ச்சும் நீரில் நாமே நஞ்சு கலப்பதாகும். அவற்றைச் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு 2022-ம் ஆண்டில் விதிகளும் வந்திருக்கின்றன.

இந்த மணி வெள்ளத்தை அறிவிக்கும் என்று எவரும் நம்பிவிடக் கூடாது. வெப்பமுள்ள உடல் கடப்பதை மட்டுமே அது அறியும். ஆற்றின் நிலையை அரசாங்க அறிவிப்பாலும் அண்டை அயலார் வாயிலாகவுமே அறிய வேண்டும்.

கூட்டாகச் செய்தால்

முத்துக்குளித்த காலத்தில் கடலடியில் மூழ்கியவர் கயிற்றை அசைப்பார். தோணியில் இருந்தவர் உடனே இழுத்துத் தூக்குவார். கயிறு செய்தியைத்தான் கொண்டு வந்தது. உயிரைக் காத்தது மேலே விழிப்பாக நின்றவரின் கை. 1961-ம் ஆண்டோடு மன்னார் வளைகுடாவின் நமது கரையில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. அந்தப் பாடம் நிற்கவில்லை. மணி அடித்தால் எழுந்து பார்க்க ஆள் வேண்டும். வீட்டில் தனியே இருக்கும் முதியவரின் மணி அடுத்த வீட்டுக்கும் கேட்க வேண்டும். ஓர் உணர்கருவிக்கு இரண்டு மணிப்பெட்டிகளை இணைக்கக்கூடிய வகைகளும் உண்டு. ஒன்றைத் தம் வீட்டிலும் மற்றதை அயல்வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

ஆத்தூர், முக்காணிப் பக்கத்துக் கொடிக்கால்காரர்களுக்கும் இது பயன்படும். ஆத்தூர் வெற்றிலை 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பொருள்; அதைக் காக்கும் அக்கறையும் அதற்கு ஏற்ப வேண்டும். ஒரு தெருவினர் சேர்ந்து ஒரே வகைக் கருவியை வாங்கினால் விலையும் குறையும்; பழுது பார்க்க ஒருவர் கற்றுக்கொண்டால் அனைவருக்கும் உதவுவார்.

தோப்பு வீட்டுச் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். அடுத்த மாதம் சுகாதாரப் பணியாளர் படலைத் திறந்து பத்தடி நடந்ததும் உள்ளே மணி ஒலித்தது. அவர் திண்ணையை அடையுமுன் ஆச்சி வாசலுக்கு வந்துவிட்டார். மாத்திரையை வாங்கிக்கொண்டு, வந்தவரை உட்கார வைத்து மோர் கொடுத்தார். அன்று மணி ஒரே ஒருமுறைதான் அடித்ததாம்.