ஆயாவுக்கும் சேர்த்துப் பயிற்சி

2025 ஏப்ரல் 29 அன்று மதுரை கே.கே.நகரில், தனியார் மழலையர் பள்ளி ஒன்றின் வளாகத்தில் திறந்து கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து நான்கு வயதுச் சிறுமி இறந்துபோனாள். கோடை விடுமுறைப் பயிற்சிக்கு வந்த பிள்ளை. அதே ஆண்டு ஜனவரி 3 அன்றுதான் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இன்னொரு மழலை வகுப்புச் சிறுமி இறந்திருந்தாள். இடையில் நான்கு மாதம்கூட இல்லை.

இரண்டிலும் வழக்கு பதிவானது, கைது நடந்தது. அது நடக்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பகல் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

பிள்ளை யார் கையில்?

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. மதுரைப் பக்கம் இன்னும் பலருக்கு அது பால்வாடிதான். முதன்மை மையங்களில் பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்பது ஏற்பாடு. ஊர் வழக்கில் டீச்சர், ஆயா. இவை போக நகருக்குள் தெருவுக்குத் தெரு பிளே ஸ்கூல்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். விடியுமுன் மல்லிகைப் பூ எடுக்கப் போகும் பெண்ணுக்கும், செங்கல் காளவாசலில் கூலிக்கு நிற்கும் பெண்ணுக்கும் அந்த விதி எட்டுவதில்லை. அவர்கள் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடமோ மாமியாரிடமோ விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இவர்கள் எல்லோரும் பார்ப்பது ஒரே வேலை. இவர்களில் முறையான பயிற்சி என்று ஒன்று கிடைப்பது பெரும்பாலும் அங்கன்வாடி டீச்சருக்குத்தான். பல ஆண்டுகள் நடந்த ஏற்பாட்டில் பணியாளருக்கு 26 வேலை நாள் பயிற்சி. உதவியாளருக்கு ஐந்து நாள். சமையல் அடுப்புக்கும் கழிப்பறைக்கும் வாசலுக்கும் பிள்ளைகளோடு நடப்பவர் உதவியாளர். ஆபத்து வரும் இடங்கள் பெரும்பாலும் அவர் நிற்கும் இடங்கள்தாம்.

தண்ணீரும் பதினோரு மணியும்

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நீரில் மூழ்கிச் சாவதைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகளில் முக்கியமான ஒன்று, பகல் நேரக் காப்பகம். வங்கதேசக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பயிற்றுவித்து, காலை முதல் மதியம்வரை சிறு பிள்ளைகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் செய்தார்கள். அப்படிப் பார்த்துக்கொள்ளப்பட்ட பிள்ளைகளிடையே நீரில் மூழ்கும் சாவு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அம்மா சமையலிலும் வயல் வேலையிலும் இருக்கும் நேரத்தில்தான் அங்கே பிள்ளைகள் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நம் ஊரிலும் நிலைமை வேறில்லை. வைகைப் பாசனச் சமவெளியில் கண்மாய், வாய்க்கால், கிணறு எதுவும் வீட்டுக்குத் தூரமில்லை. நகருக்குள் வந்தால் நிலத்தடித் தொட்டி, செப்டிக் டேங்க், தண்ணீர் பிடித்து வைத்த டிரம், அண்டா. தவழும் குழந்தை மூழ்க ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம். வாளியின் அடியில் நிற்கும் தண்ணீர் போதும். தலை கனம். குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சத்தமும் வராது. கத்திக் கூப்பிடும் என்று காத்திருக்கக் கூடாது.

ஒரு மையத்தில் பதினோரு மணிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆயா உலைக்கு அரிசி போடுகிறார். டீச்சர் கையில் போன். 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் வருகையும் எடையும் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்க வாசல்வரை போகவேண்டியிருக்கிறது. ஒரு அம்மா வந்து, "டீச்சர், ராத்திரி பூரா பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் பின்கதவு திறந்திருக்கிறது.

அந்த இருவரையும் குறை சொல்வது எளிது. ஒரே நேரத்தில் நான்கு வேலையை அவர்கள் தலையில் கட்டியது நிர்வாகம். என்னைக் கேட்டால், பிள்ளைகள் மையத்தில் இருக்கும் நேரத்தில் பதிவேடும் செயலியும் கையில் இருக்கக் கூடாது என்று உத்தரவே போட வேண்டும். அதுவரை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள ஒரு பழக்கம் வேண்டும். "நான் அடுப்படிக்குப் போறேன், நீங்க பாருங்க டீச்சர்." "சரிங்கக்கா, பாக்குறேன்." பொறுப்பு கை மாறியது இருவருக்கும் தெரியும். வெளியே கூட்டிப்போகும்போதும் உள்ளே வந்ததும் தலையை எண்ண வேண்டும். காலையில் மையத்தைத் திறந்ததும் முதல் வேலை, வளாகத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு மூடியையும் காலால் அழுத்திப் பார்ப்பது. துருப்பிடித்த தகரம் ஆடினால் அன்றே கல்லோ பலகையோ வைத்து அடைத்து, அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாமல் கயிறு கட்டி, எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து தூக்கிய பிறகு

தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் பக்கம் இன்னும் நடக்கிறது. இரண்டும் கெடுதல். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். அதைவிட, விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணாகும்.

பிள்ளை மூச்சு விடவில்லை என்றால் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, முதலில் வாய் வழியாக மூச்சு ஊத வேண்டும். நெஞ்சு மேலெழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால், நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். தனி ஆளாக இருந்தால் 30 அழுத்தம், இரண்டு மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் 108-க்கு அடிக்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிறுவனங்களில் பெரியவர்களுக்காக நடத்தும் முதலுதவி வகுப்புகளில், நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று சொல்லிக்கொடுப்பதுண்டு. நடுத்தர வயதுக்காரர் மாரடைப்பில் சுருண்டு விழும்போது அது பொருந்தும். அவர் ரத்தத்தில் அதுவரை ஆக்சிஜன் இருந்திருக்கும். பிள்ளையின் இதயம் பெரும்பாலும் மூச்சு நின்றதால் நிற்கிறது. மூச்சு ஊதாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் ஆக்சிஜன் இல்லாத ரத்தம்தான் ஓடும். பிள்ளை பார்ப்பவர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

தொண்டையில் சிக்கினால்

நிலக்கடலை, புளியங்கொட்டை, நாணயம், பொம்மையிலிருந்து கழன்ற பொத்தான் பேட்டரி. மூச்சுக்குழலில் சிக்கியதை எடுக்கும் மருத்துவர்களுக்கு நன்கு பழகிப்போன பொருள் நிலக்கடலை. பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கத் தொடங்கிவிடும். 'மலத்தோடு வந்துவிடும்' என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மையத்தில் கொடுக்கும் கொண்டைக்கடலைச் சுண்டலையும் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மசித்தே கொடுக்க வேண்டும். குடற்புழு நீக்க முகாமில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையும் அப்படித்தான்: ஒன்று முதல் இரண்டு வயதுவரை பாதி மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை, சிறு பிள்ளைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து முழு மாத்திரையை வாயில் தள்ளுவது புழுவைவிட ஆபத்து.

பிள்ளை இருமிக்கொண்டிருந்தால் விடுங்கள், இருமட்டும். சத்தம் வராமல், முகம் நீலம் பாய்ந்தால்தான் நம் கை வேலை தொடங்குகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டை நடுவில் ஐந்து தட்டு. திருப்பிப்போட்டு நெஞ்சு நடுவில் ஐந்து அழுத்தம். பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து தட்டு. பிறகு பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம். கைக்குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. நினைவு தப்பினால் தரையில் கிடத்தி, மேலே சொன்ன நெஞ்சழுத்தமும் மூச்சும். கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் கீழே இறங்கும்.

படித்தால் இது புரிகிறது. பதற்றத்தில் கை வராது. பொம்மையிலாவது செய்து பார்த்த கைதான் அந்த நிமிடத்தில் நகரும்.

அடுப்படி, தூளி, நாய்

2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை போய்விட்டது. ஆனால் ஒரே அறையில் ஒரு மூலையில் கேஸ் அடுப்பும் மறு மூலையில் பிள்ளைகளும் இருக்கும் மையம் எங்கே இருந்தாலும் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். கஞ்சியோ குழம்போ கொட்டிவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம்.

சேலையில் கட்டும் தூளி கைக்குழந்தைக்குத் தாலாட்டு. நான்கைந்து வயதுப் பிள்ளை அதில் முறுக்கிச் சுழன்று விளையாடினால் கழுத்தில் சுருக்கு. தூங்கி எழுந்ததும் சேலையை அவிழ்த்து மேலே போட்டுவிடுங்கள்.

நாய் பிராண்டினாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி. மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டக் கூடாது.

கொட்டாம்பட்டியில் முன்பே நடந்தது

இதெல்லாம் எட்டாவது படித்த கிராமத்துப் பெண்ணால் ஆகுமா என்று கேட்பவர்கள் மதுரை மாவட்டத்தின் வரலாற்றைப் பார்க்கலாம். உலக வங்கி உதவியோடு 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் தொடங்கியது கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். உள்ளூர்ப் பெண்களாகப் பார்த்து எடுத்தார்கள். ஏழ்மையிலும் தன் பிள்ளையை நோஞ்சானாக விடாமல் வளர்த்த தாய்க்கு முன்னுரிமை. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையான பிள்ளைகளை அவர்கள் மாதம் தவறாமல் எடை போட்டு அட்டையில் கோடு வரைந்தார்கள். கோடு ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் கூடுதல் சத்துணவு, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் அடிக்கடி வந்து, பக்கத்தில் நின்று, தராசு பிடிப்பதிலிருந்து கோடு வரைவதுவரை திருத்தினார். கடும் ஊட்டச்சத்துக் குறைவு குறைந்ததைத் திட்ட மதிப்பீடுகள் பதிவு செய்தன.

அந்தத் திட்டத்தின் பலம் வகுப்பறைப் பாடத்தில் மட்டும் இருக்கவில்லை. வேலை நடக்கும் இடத்துக்கே வந்து, ஒருவர் திரும்பத் திரும்பக் கூட நின்றார்.

எங்கே தொடங்கலாம்?

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு வட்டார அளவில் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. அதில் அரை மணி நேரத்தை முதலுதவிக்கு ஒதுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆயாக்களையும் கூட்டி. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் பொம்மையோடு வரட்டும். ஒவ்வொருவரும் கையால் செய்து காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். 1954 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் இது. சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. தனியார் பிளே ஸ்கூலுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, கட்டடச் சான்றோடு அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவரின் முதலுதவிச் சான்றையும் கேட்க வேண்டும், வேன் உதவியாளர் உட்பட.

சொல்லிக்கொடுப்பவர்கள் அந்தப் பெண்களின் உடம்பையும் பார்க்க வேண்டும். நாள் முழுக்கப் பிள்ளை தூக்கும் இடுப்பு வலிக்கிறது. குந்தி அமர்ந்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து எழுவது எப்படி என்று காட்டினாலே பாதி குறையும். மையத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால், கர்ப்பமாக இருக்கும் டீச்சர் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை, கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு வந்தால் போதும்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நாளை பிள்ளையை விடப் போகும்போது டீச்சரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தொட்டி மூடி எங்கே இருக்கிறது, கடலை சிக்கினால் யார் கை வைப்பார்கள். அவர் தயங்கினால் கோபப்பட வேண்டாம். பயிற்சி கேட்டு அவர் எழுதும் மனுவில் உங்கள் கையெழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.