இரவில் ஊறும் ஓட்ஸ்: தோழியும் சாப்பிட வேண்டுமென்றால்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் எங்கள் குழுவின் திட்டப்பணிப் படைப்பு காலை எட்டு மணிக்கு என்று முடிவானது. குழுவில் ஐந்து பேர். ஒருவர் பாசிர் ரிஸ்ஸிலிருந்து வர வேண்டும், இன்னொருவர் ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து. ஏழு மணிக்கு முன்பே ரயிலில் இருக்க வேண்டும் என்றால் யாரும் பசியாறிவிட்டு வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதனால் முதல் நாள் இரவே ஐந்து கண்ணாடிப் போத்தல்களில் ஓட்ஸைப் பாலில் ஊறவைத்தேன். மறுநாள் காலை மேலே கொஞ்சம் மைலோ தூவி, பெருமையோடு எடுத்துப்போனேன். நான்கு போத்தல்கள் பத்து நிமிடத்தில் காலியாயின. ஐந்தாவது திறக்கப்படவே இல்லை.

“இது எந்த ஓட்ஸ்? பாக்கெட்ல என்ன போட்டிருந்துச்சு?” என்று தோழி கேட்டாள்.

“சாதாரண ஓட்ஸ்தான். கோதுமை எதுவும் சேர்க்கல. உன்னை நினைச்சுத்தான் செஞ்சேன்.”

“மேல இருக்கிறது மைலோவா?”

“ஆமா.”

அவள் சிரித்தாள். போத்தலை மெதுவாக என் பக்கம் நகர்த்தி, “தேங்க்ஸ். ஆனா என்னால முடியாது” என்றாள். பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தாள். அன்று காலை அவள் பசியாறியது அவ்வளவுதான்.

அவளுக்குச் சீலியாக் நோய் உண்டு என்பது எனக்குத் தெரியும். கோதுமையைத் தவிர்த்தால் போதும் என்று நினைத்திருந்தேன். எங்கே தவறினேன் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அப்படி யாரையும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. காலையில் நேரமில்லாமல் ஓடும் எவருக்கும் இந்தச் செய்முறை உதவும்.

குளூட்டன் என்ன செய்கிறது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதங்களைக் குளூட்டன் என்கிறோம். பரோட்டா மாவை இழுத்து வீசினாலும் கிழியாமல் விரிவது குளூட்டனால்தான். பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கோ, குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. உணவிலிருந்து சத்துகளை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற மடிப்புகள் தேய்ந்துபோகின்றன. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், தீராத சோர்வு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை என்று அறிகுறிகள் ஆளுக்கு ஆள் மாறும்.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தியவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் ரொட்டிக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது நோயுற்ற பிள்ளைகள் தேறினர். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மீண்டும் நோய்வாய்ப்பட்டனர். அவருக்கு முன்பே இருந்த சந்தேகத்தை இது உறுதிப்படுத்தியது. இன்றும் இதற்கு மருந்து, வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதுதான். ஒரு நாளைக்கு மட்டும் விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கு இதில் இடமில்லை.

ஓட்ஸில் சிக்கல் எங்கே?

ஓட்ஸ் கோதுமை இனமன்று. அதில் இருப்பது அவெனின் என்ற வேறொரு புரதம். சீலியாக் நோயுள்ளவர்களில் பெரும்பாலோரின் உடல் அதை ஏற்றுக்கொள்கிறது. மிகச் சிலரின் உடல் ஏற்பதில்லை.

சிக்கல் வயலிலேயே தொடங்குகிறது. ஓட்ஸும் கோதுமையும் பக்கத்துப் பக்கத்து வயல்களில் விளைகின்றன. ஒரே இயந்திரம் இரண்டையும் அறுக்கிறது. ஒரே லாரி ஏற்றுகிறது. ஒரே ஆலை தட்டையாக்குகிறது. இப்படி வரும் சாதாரணப் பொட்டலத்தில் கோதுமையும் பார்லியும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். தனியாக விளைவித்து, தனியாக ஆலையில் அரைத்து, சோதித்து வரும் ஓட்ஸ்தான் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்ற பெயரைப் பெறுகிறது. ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது அனைத்துலக அளவுகோல்.

சிங்கப்பூரில் ஓட்ஸ் வாங்குபவர்களைக் குழப்பும் ஒரு செய்தியும் உண்டு. ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து வரும் பொட்டலங்களில் ‘குளூட்டன் ஃப்ரீ ஓட்ஸ்’ என்று அச்சிட்டிருக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விதிகளோ ஓட்ஸ் எதையும் அப்படி அழைக்க அனுமதிப்பதில்லை. அங்கே தனிப்படுத்தி விளைவித்த ஓட்ஸ்கூட ‘கோதுமை இல்லாதது’ என்பது போன்ற பெயரில்தான் வரும். சிங்கப்பூரின் உணவு விதிமுறைகளிலும் குளூட்டன் உள்ள தானியங்களின் வரிசையில் கோதுமை, ரை, பார்லியோடு ஓட்ஸும் சேர்த்தே குறிக்கப்படுகிறது. எனவே பொட்டலத்தின் முன்பக்கத்தோடு நின்றுவிடாமல் பின்பக்கத்தையும் படியுங்கள். ‘கோதுமை கலந்திருக்கலாம்’ என்ற ஒரு வரி இருந்தாலும் அதை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

நான் தூவிய மைலோவோ இன்னொரு பாடம். மைலோ, ஹார்லிக்ஸ் போன்ற பானத்தூள்களில் பார்லி மால்ட் இருக்கிறது. ‘மால்ட்’ என்ற சொல்லைக் கண்டாலே பார்லி என்று நினைத்துக்கொள்ளலாம். கிரனோலா, மால்ட் சேர்த்த சோயா பானம் ஆகியவற்றிலும் இதே கவனம் தேவை.

ஒரு போத்தலுக்கு ஐந்து நிமிடம்

இனிச் செய்முறைக்கு வருவோம். ஒருவருக்குத் தேவையானவை இவை:

தட்டை ஓட்ஸ் - அரை கப் (ஏறத்தாழ 40 கிராம்)
பால் - அரை கப்
தயிர் - கால் கப்
சியா விதை - ஒரு மேசைக்கரண்டி
உப்பு - ஒரு சிட்டிகை

எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் போட்டுக் கலக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை கலக்கினால் சியா விதைகள் அடியில் கட்டியாகாது. மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஆறு மணி நேரத்தில் பதமாகிவிடும். காலையில் அடுப்பைத் தொட வேண்டியதில்லை. கெட்டியாகத் தோன்றினால் கொஞ்சம் பால் ஊற்றிக்கொள்ளலாம்.

தட்டை ஓட்ஸ்தான் இதற்குச் சரி. உடனடி ஓட்ஸ் கூழாகக் குழைந்துவிடும்; வெட்டு ஓட்ஸ் காலையிலும் கடிபடாது. 40 கிராம் ஓட்ஸில் சுமார் 5 கிராம் புரதமும் 4 கிராம் நார்ச்சத்தும் உண்டு. பாலும் தயிரும் புரதத்தைக் கூட்டுகின்றன. அதனால் பத்து மணி வகுப்பில் வயிறு சத்தம் போடாது.

பாட்டி இதைப் பார்த்துவிட்டு, “நம்ம பழையதுக்கு ஓட்ஸ்னு பேரு வச்சிட்டாங்களா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். இரவில் சோற்றில் நீரூற்றி வைத்து, காலையில் மோரும் வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடுவதும் இதே சிக்கனம்தான். ஓட்ஸை இரவில் ஊறவைக்கும் பழக்கத்தைப் பரப்பியவர் பிர்ச்சர் பென்னர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர். 1900ஆம் ஆண்டையொட்டித் தம் நோயாளிகளுக்கு, ஊறிய ஓட்ஸில் துருவிய ஆப்பிளைக் கலந்து கொடுத்தார். பாட்டியின் பழையதோ எந்தப் பொட்டலத்தையும் படிக்க வேண்டிய தேவையில்லாமல் குளூட்டன் அற்றது. அரிசியில் குளூட்டன் இல்லை.

மூன்று சுவைகள்

குலா மெலாக்கா: ஒரு மேசைக்கரண்டி குலா மெலாக்காவைச் சிறிது நீரில், ஒரு துண்டு பாண்டான் இலையோடு காய்ச்சி ஆறவிடுங்கள். பாலில் பாதிக்குப் பதில் தேங்காய்ப் பால் சேர்த்து ஓட்ஸை ஊறவைத்து, காலையில் இந்தப் பாகை மேலே ஊற்றுங்கள்.

மாம்பழம்: அடிப்படைச் செய்முறையில் ஒரு சிட்டிகை ஏலத்தூள் சேருங்கள். காலையில் மாம்பழத் துண்டுகளைப் போடுங்கள். வாழைப்பழம் போடுவதாக இருந்தாலும் காலையில்தான். இரவிலேயே போட்டால் கறுத்துவிடும்.

தயிர் ஓட்ஸ்: இனிப்பு பிடிக்காதவர்களுக்கு இது. பாலுக்குப் பதில் அரை கப் தயிர், கால் கப் தண்ணீர், தேவைக்கு உப்பு. சியா வேண்டாம். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, பச்சைமிளகாய் தாளித்து, ஆறியதும் கலந்து வையுங்கள். காலையில் தயிர்ச்சோறு போலவே இருக்கும். பெருங்காயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அவற்றில் பலவற்றில் கோதுமை மாவு சேர்க்கிறார்கள். நம் சமையலறையில் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் குளூட்டன் ஒளிந்திருப்பது இங்கேதான்.

கரண்டியையும் கவனியுங்கள்

சரியான பொட்டலம் வாங்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தோழிதான் திருத்தினாள். ரொட்டியில் தடவிய கத்தியை மறுபடி விட்ட பீனட் பட்டர் போத்தலில் ரொட்டித் துகள் இருக்கும். மைலோ டின்னில் இட்ட கரண்டியால் ஓட்ஸைக் கலக்கினால் அதுவும் கலப்புதான். எனவே மேசையைத் துடைத்து, போத்தலையும் கரண்டியையும் சோப்புப் போட்டுக் கழுவி, அவர்களுக்கானதை முதலில் செய்து மூடிவிடுங்கள். உங்களுக்கானதைப் பிறகு செய்யலாம். குளூட்டன் கிருமியன்று, சூடாக்கினால் அழியாது. கழுவினால்தான் போகும்.

நம் வெப்பநிலையையும் மறக்கக்கூடாது. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். போத்தலை இரவு முழுவதும் மேசைமேல் விடாதீர்கள். நெடுந்தொலைவு பயணம் என்றால் ஐஸ் பேக்கோடு எடுத்துச் செல்லுங்கள். பழம் சேர்க்காத போத்தல் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு மூன்று போத்தல் செய்தால் புதன்கிழமை காலைவரை கவலையில்லை.

எல்லாருக்கும் தேவையா?

தேவையில்லை. குளூட்டன் உங்களுக்குத் தொல்லை தராவிட்டால் சாதாரண ஓட்ஸே போதும். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்ற எழுத்து உணவை அதிகச் சத்துள்ளதாக்குவதில்லை. பெரும்பாலும் விலையைத்தான் கூட்டும்.

ரொட்டியோ மீயோ சாப்பிட்டால் அடிக்கடி வயிறு கெடுகிறது என்று சந்தேகமா? நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, குளூட்டனை உண்டுவரும்போதுதான் சரியாக வேலை செய்யும். நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். நோய் உறுதியானவர்களும் ஓட்ஸைத் தொடங்குமுன் தங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டுக்கொள்வது நல்லது. தோழி அப்படிக் கேட்டுத்தான் சாப்பிடுகிறாள்.

இறுதிப் படைப்பு நாளும் காலை எட்டு மணிக்கே வந்தது. இம்முறை ஓட்ஸ் வாங்கும்போது கடையில் நின்றே பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். “இது ஓகே” என்று பதில் வந்த பிறகே பணம் கட்டினேன். இரவில் அவளுடைய போத்தலை முதலில் செய்து மூடி, மேலே அவள் பெயரை ஒட்டினேன்.

காலையில் போத்தலைக் கையில் வாங்கியவள், “கரண்டி?” என்று கேட்டாள். “கழுவினேன். மைலோ டின் பக்கமே போகல” என்றேன். மூடியைத் திறந்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “மாம்பழம் கொஞ்சம் புளிக்குது” என்றாள். பிறகு அடிவரை வழித்துச் சாப்பிட்டாள்.