பூத்த கிழங்கு மறுபடியும் பூக்குமா?

மூன்று வருஷங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதத்தில், நண்பர் ஒருவர் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். திண்ணை ஓரத்தில் ஒரு பூந்தொட்டி நாலு செந்நிற மலர்களுடன் நம்மை வரவேற்றது. எக்காளத்தைப் போல் வாய் விரிந்த அம்மலர்கள் ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு இருந்தன. ஆடி மாதத்தில் மறுபடியும் அவ்வீட்டுக்குச் சென்றபோது அந்தத் தொட்டி கொல்லைப்புறக் குப்பையில் கிடந்தது. "ஒரு தடவைதான் பூக்குமாம், அடுத்த வருஷத்துக்கு வேறு கிழங்குதான் வாங்க வேண்டும்" என்றார் நண்பரின் மனைவியார். நாம் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். கிழங்கு சற்றே மெலிந்திருந்தாலும் உறுதியாக இருந்தது. உச்சியில் பச்சைக் குருத்தும் தெரிந்தது. உயிருள்ள செடியை இறந்ததென்று எறிந்துவிட்டார்கள்!

நேயர்களில் பலர் இச்செடியை அமரில்லிஸ் என்றே அறிவார்கள். தாவர சாஸ்திர முறைப்படி அப்பெயர் தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு செடிக்கு உரியது. நம் தொட்டிகளில் வளர்வது, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஹிப்பியாஸ்ட்ரம். 1799-ஆம் வருஷத்தில், இங்கிலாந்தில் ஆர்தர் ஜான்ஸன் என்ற கடிகாரத் தொழிலாளி ஒருவர் இதன் இரண்டு வகைகளைச் சேர்த்து முதல் கலப்பினத்தை உண்டாக்கினார். பிற்காலத்தில் ஹாலந்து தேசத்தார் இதைப் பெரிய வியாபாரமாகவே வளர்த்துவிட்டனர். குளிர் தேசங்களில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்காக இதைப் பூக்க வைத்து, பூ வாடியதும் எறிந்துவிடுவோர் பலர். அதனால் விற்பவருக்கு லாபம், வாங்குபவருக்கு நஷ்டம். கிழங்கை இறக்குமதி செய்வதோடு இந்தப் பழக்கத்தையும் நாம் ஏன் இறக்குமதி செய்துகொள்ள வேண்டும்?

உண்மை என்னவெனில், இக்கிழங்கு முறையாகப் பேணினால் பல்லாண்டுகள் வாழக்கூடியது. கடையில் வாங்கிய கிழங்கு முதல் வருஷம் பூப்பதில் நம் திறமை ஒன்றும் இல்லை; அந்தப் பூவின் கரு, வளர்த்தவர் தோட்டத்திலேயே உள்ளே உருவாகிவிட்டது. அடுத்த வருஷத்துப் பூவைத் தருவதுதான் நம் பொறுப்பு. அதைச் சமைப்பவை இலைகள். பொதுவாக நாலு இலைகளுக்கு ஒரு பூங்கொத்து என்ற கணக்கில் கிழங்குக்குள் மொட்டுக்கள் கருக்கொள்கின்றன. இலைகள் வலுவின்றி இருந்தால் கரு உள்ளேயே பட்டுப்போகும். பூ முடிந்ததும் இலையைப் புறக்கணிப்பவர், அடுத்த பூவையே புறக்கணித்தவராகிறார்.

ஆகவே, மலர்கள் வாடியவுடன் அவற்றை மட்டும் கிள்ளிவிட வேண்டும். காய் பிடிக்க விட்டால் கிழங்கின் சத்து விதைக்குப் போய்விடும். பூத்தண்டு தானாக மஞ்சளாகும் வரையில் இருக்கட்டும். இலைகளை ஒருபோதும் வெட்டலாகாது. காலை வெயில் சில மணி நேரமாவது விழும் இடத்தில் தொட்டியை வைத்து, சித்திரை, வைகாசி மாதங்களின் உச்சி வெயிலிலிருந்து மட்டும் காப்பாற்ற வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடலாம். மாதத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ மக்கிய எருவும் சிறிது எலும்புத் தூளும் இடலாம். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைக் கொழுக்கச் செய்யும், பூவுக்கு உதவாது.

தொட்டி பெரிதாக இருக்க வேண்டுமென்பதில்லை. கிழங்கைச் சுற்றி ஓர் அங்குல இடைவெளி போதும். செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணில், கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியும்படி நட வேண்டும். அடியில் தண்ணீர் வடியும் துவாரம் அடைபடாமல் இருப்பது முக்கியம்.

அடுத்தது ஓய்வு. குளிர் தேசத்தார் ஏறக்குறைய 13 டிகிரி ஸென்டிகிரேடு குளிர்ச்சியுள்ள அறையில் எட்டு முதல் பத்து வாரம் இதை உறங்க வைப்பார்கள். நம் சமவெளியில் அக்குளிர் ஏது? ஆயினும் வறட்சியும் உறக்கத்தைத் தரும். ஐப்பசிக் கடைசியிலிருந்து தண்ணீரைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். வடகிழக்குப் பருவ மழை கொட்டும் காலமாதலால் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைப்பது அவசியம். நாமே ஒரு முறை இதில் அசட்டையாக இருந்து, மழையில் நனைந்து அழுகிய கிழங்கொன்றை இழந்தோம். இலைகள் பழுத்து உலர்ந்ததும் நீக்கிவிடலாம். தை முடிய உறங்கட்டும். மாசியில் ஒரு முறை மண் நன்றாக நனையும்படி தண்ணீர் விட்டு, முளை கண்ட பிறகே மீண்டும் விட வேண்டும். கிழங்கின் கழுத்தில் தண்ணீர் தேங்கலாகாது. ஆறு முதல் எட்டு வாரங்களில் பூ எதிர்பார்க்கலாம்.

இல்லத்தரசிகளுக்கு ஓர் எச்சரிக்கை. உறங்கும் கிழங்கு பார்வைக்குப் பெரிய வெங்காயம் போலவே இருக்கும். ஆனால் அதில் லைகோரின் என்னும் நச்சுப் பொருள் உண்டு. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். அதைச் சமையலறைப் பக்கமே வைக்க வேண்டாம். குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் இருக்கட்டும்.

குப்பையிலிருந்து நாம் எடுத்து வந்த கிழங்கு என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். அவ்வருஷம் மூன்றே இலைகள் விட்டது; மறு பங்குனியில் பூக்கவில்லை. "நாங்கள் அப்போதே சொன்னோமே!" என்று நண்பர் வீட்டில் நகைத்தார்கள். நாம் வாதாடவில்லை. அடுத்த பருவத்தில் ஆறு இலைகள் வந்தன; பக்கத்தில் ஒரு குட்டிக் கிழங்கும் தோன்றியது. இந்தப் பங்குனியில் ஒரு தண்டில் நாலு மலர்கள் விரிந்தன. அத்தொட்டியை அப்படியே எடுத்துச் சென்று நண்பர் வீட்டுத் திண்ணையில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம். குட்டிக் கிழங்கு நம்மிடம் இருக்கிறது. அது பூக்க இன்னும் இரண்டு மூன்று வருஷங்கள் ஆகலாம். காத்திருக்க நாம் சித்தமாயிருக்கிறோம்.