நுரையீரலின் நார்க்கூடு

டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நுரையீரலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

நுரையீரல் என்றதும் காற்றுப்பைகள் நினைவுக்கு வரும். கோடிக்கணக்கில் இருக்கும் அந்தப் பைகளின் சுவரில் செல்கள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. எதன் மேல் ஒட்டியிருக்கின்றன? முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயில் சதை போன பிறகும் நார் அதே வடிவில் நிற்கும் அல்லவா? நுரையீரலுக்குள்ளும் அப்படி ஒரு கூடு உண்டு. அதில் கொலாஜன் உறுதியைத் தருகிறது; எலாஸ்டின், விரிந்த நுரையீரலை மூச்சு விடும்போது மறுபடி சுருங்க வைக்கிறது.

அந்தக் கூட்டைத் தனியே எடுக்கலாம். விலங்கின் நுரையீரலையோ, மாற்று அறுவைக்கு உதவாத மனித நுரையீரலையோ எடுத்து, அதன் ரத்தக்குழாய் வழியே சோப்புத் தன்மையுள்ள கரைசலை மெதுவாகச் செலுத்துவார்கள். அழுத்தம் கூடினால் சுவர் கிழியும். கரைசல் கடுமையானால் எலாஸ்டினும் சேர்ந்து போய்விடும். பக்குவமாகச் செய்தால் செல்கள் கரைந்து வெளியேறும், சிவப்பு மெல்ல வெளுக்கும், கடைசியில் வெள்ளைவெளேரென்ற கூடு மிஞ்சும். மூச்சுக்கிளைகள், ரத்தக்குழாய்கள், பைகளின் சுவர்கள் எல்லாம் அதனதன் இடத்திலேயே இருக்கும்.

2010இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லாரா நிக்லசன் குழுவினர் இப்படிக் கழுவிய எலி நுரையீரலில் புதுச் செல்களை வளர்த்து, உயிருள்ள எலிக்குப் பொருத்தினார்கள். அதிகபட்சம் இரண்டு மணி நேரம் அது ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றியது. அதே ஆண்டில் பாஸ்டனில் ஹரால்ட் ஓட் குழுவினர் ஆறு மணி நேரம் வரை கொண்டுபோனார்கள். அந்த முயற்சிகள் அதற்கு மேல் போகாததற்குப் பெரிய காரணம் ரத்தக்குழாய்தான். அதன் உட்சுவரில் செல்கள் இடைவெளி இல்லாமல் படியாவிட்டால் ரத்தம் உறையும், நீர் கசியும்.

புது உறுப்பு தாமதமானாலும், இந்தக் கூடு ஒரு பெரிய உண்மையைக் காட்டிக்கொடுத்தது. நுரையீரல் ஃபைப்ரோசிஸ் என்பது உள்ளே தழும்பு படர்ந்து நுரையீரல் இறுகும் நோய். 2012இல் வெளியான ஆய்வொன்றில் நல்ல நுரையீரல் திசுவின் விறைப்பு சுமார் 2 கிலோபாஸ்கல். நோயுற்ற திசுவில் அது சுமார் 16. அந்த ஆய்வில், நோயுற்ற நுரையீரலின் கூட்டில் ஆரோக்கியமான ஒருவரின் நார் உண்டாக்கும் செல்களை விட்டுப் பார்த்தார்கள். அவை தழும்பு உண்டாக்கும் செல்களாக மாறத் தொடங்கின. ஆக, செல் மட்டும் நோயை வளர்ப்பதில்லை. இறுகிப்போன கூடும் செல்லை நோயின் பக்கம் தள்ளுகிறது. தழும்பு தழும்பை வளர்க்கிறது.

அதனால்தான் பிளாஸ்டிக் தட்டில் மட்டும் மருந்தைச் சோதித்தால் போதாது என்கிறார்கள். அந்தத் தட்டு எந்த நுரையீரலையும்விடப் பல மடங்கு விறைப்பு. இப்போது கழுவிய கூட்டைப் பொடித்து, பெப்சின் நொதியால் கரைத்து, உடல் சூட்டில் உறையும் ஜெல்லாக்குகிறார்கள். விறைப்பைக் கூட்டியும் குறைத்தும், நல்ல நுரையீரலையும் நோயுற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருந்தைச் சோதிக்க அது வழி தருகிறது. என்னைக் கேட்டால், முழு நுரையீரலை உருவாக்கும் முயற்சியைவிட இதுதான் நோயாளிக்கு முதலில் பலன் தரும்.

இன்று ஃபைப்ரோசிஸுக்குத் தரப்படும் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ஆகிய மருந்துகள் இறுகும் வேகத்தைக் குறைக்கின்றன, இறுகியதை இளக்குவதில்லை. ஆகவே படியேறும்போது மூச்சு வாங்குவதும் வறட்டு இருமலும் வாரக்கணக்கில் நீடித்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். ஆய்வகத்தில் வளர்த்த நுரையீரலோ ஸ்டெம் செல் ஊசியோ இதை முழுக்கக் குணமாக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு சிகிச்சை இன்னும் வரவில்லை.