எந்த டப்பா எந்த மேசைக்கு?

கண்ணு, அமெரிக்காவின் ஃபிரிஸ்கோ நகரத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'சரி, தப்பு என்று யோசிப்பதையே கணக்காகப் போட முடியுமா மாமா?' என்கிறாய். கெட்டிக்காரக் கேள்வி! சாப்பாட்டு டப்பாவை வைத்தே பார்ப்போம்.

பள்ளி உணவுக்கூடத்தில், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கென்று தனி மேசை பார்த்திருப்பாய். இட்லி, மாம்பழம், முறுக்கு, தயிர்சாதம், வேர்க்கடலை என்று ஐந்து பண்டம் இருப்பதாக வைத்துக்கொள். இவற்றை வைத்தும் விட்டும் 32 விதமாக டப்பா கட்டலாம். காலி டப்பாவும் சேர்த்துத்தான்! அதில் சரிபாதி, 16 டப்பா, அந்த மேசைக்குப் போகலாம்.

இப்போது கவனி. அங்கே போகும் டப்பாவிலிருந்து எதை எடுத்துவிட்டாலும் தடையில்லை. அப்படிப்பட்ட இரண்டு டப்பாவை ஒன்றாகக் கொட்டினாலும் தடையில்லை. இந்த இரண்டு குணமும் உள்ள டப்பாக் கூட்டத்துக்கு ஐடியல் என்று பெயர்.

'இரண்டு பண்டத்துக்கு மேல் கூடாது' என்று விதி போட்டால்? எடுத்தால் சரி. சேர்த்தால் நாலாகிவிடுமே! அது ஐடியல் இல்லை. புரிகிறதா?

இனிதான் சுவையான இடம். ஐந்து பண்டத்தையும் உன் இஷ்டம்போல் இரண்டு டப்பாவில் பங்கு போடு. வேர்க்கடலை ஏதோ ஒன்றில்தானே இருக்கும்? ஆக, ஒரு டப்பா மேசைக்குப் போகும், மற்றது போகாது. எப்படிப் பிரித்தாலும் இதே கதைதான். இந்தக் குணமும் உள்ள ஐடியலைப் பகா ஐடியல் என்பார்கள். வேர்க்கடலையோடு தயிர்சாதத்தையும் தடுத்தால்? ஐடியல்தான், ஆனால் பகா ஐடியல் இல்லை. தடுத்த இரண்டையும் ஆளுக்கொரு டப்பாவில் வைத்துப் பார், காரணம் தெரியும்.

யோசிப்பது எங்கே வந்தது என்கிறாயா? இரண்டு டப்பாவைச் சேர்ப்பது 'அல்லது'. இரண்டிலும் இருப்பதை மட்டும் எடுப்பது 'மற்றும்'. டப்பாவில் வராமல் மிஞ்சியது 'அல்ல'. 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர் தொடங்கிவைத்த கணக்கு இது.

1936இல் மார்ஷல் ஸ்டோன் என்ற அமெரிக்கர் இன்னும் ஆழமாகப் போனார். உள்ளே என்ன பண்டம் என்றே தெரியாத மூடிய டப்பாக்கள். 'அல்லது', 'மற்றும்', 'அல்ல' மட்டும் தெரியும். கவலையில்லை, ஒவ்வொரு பகா ஐடியலையும் ஒரு பண்டமாக எண்ணிக்கொண்டால் போதும், கணக்கு அப்படியே பொருந்தும் என்று நிறுவினார். தடையை வைத்தே பண்டத்தைக் கண்டுபிடிக்கும் இந்தச் சாமர்த்தியத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஊர் சுற்றுவதில் ஆசை கொண்ட அந்த மனிதர் 1989இல் காலமானது நம் சென்னையில்தான்.

சரி, நம் ஐந்து பண்டத்துக்கு மொத்தம் எத்தனை பகா ஐடியல்? பென்சிலை எடு, எண்ணிப் பார்.