மூட்டை விலையும் வேரின் கணக்கும்

ஊரில் தோட்டம் செய்யும் உறவுகளுக்குப் பசளைக்குக் காசு அனுப்பும்போது நாங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: மூட்டை என்ன விலை? கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு அது போதாது. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதே எடை அமோனியம் சல்பேற்றில் பத்தரைக் கிலோதான். கிலோ நைதரசனுக்கு என்ன விலை என்று பார்த்தால் பெரும்பாலும் யூரியாவே மலிவு. ஆனால் இந்தக் கணக்கில் வேரைக் காணவில்லை.

வேர் நைதரசனை முக்கியமாக அமோனியமாகவும் நைத்திரேற்றாகவும் எடுக்கிறது. யூரியா சில நாட்களில் அமோனியமாகிவிடும். நீர் நிற்கும் வயலில் அது பெரும்பாலும் அப்படியே இருக்கும். நெல்லின் வேருக்கு அது பழகிய உணவு. காற்றோட்டமுள்ள தோட்ட மண்ணிலோ பக்டீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பல பயிர்களில், நைத்திரேற்று செறிந்த இடத்தில் பக்க வேர்கள் நன்றாக நீளும். அமோனியம் அளவு மீறினால் வேர் நீளாமல் கட்டையாகும்.

யூரியாவை இளம் கன்றின் அடியிலே குவிப்பது இதனால்தான் ஆபத்து. அது சிதையும்போது உண்டாகும் அமோனியா வாயு வேர் நுனியைக் கருக்கும். காரத்தன்மையுள்ள மண்ணில் மேலாக விசிறிவிட்டால், அந்த வாயு காற்றோடு போய்விடும். காசும் அதோடு போகும். போட்டதும் மண்ணால் மூடவேண்டும், அல்லது உடனே இறைக்கவேண்டும்.

அமோனியம் சல்பேற்றையும் விலையை மட்டும் பார்த்துத் தள்ளக்கூடாது. அமோனியத்தை எடுக்கும் வேர் தன்னைச் சுற்றிச் சிறிது அமிலத்தை விடுகிறது. காரத்தன்மையுள்ள மண்ணில் பூட்டிக்கிடக்கும் பொசுபரசும் இரும்பும் அதனால் ஓரளவு கரைந்து வேருக்குக் கிடைக்கும். வெங்காயத்துக்கு வேண்டிய கந்தகமும் அந்த மூட்டையிலேயே இருக்கிறது.

2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது, எருவே போதும் என்று இங்கிருந்தும் சிலர் சொன்னார்கள். எருவிலுள்ள நைதரசனின் பெரும்பகுதி உக்கிய பிறகுதான் வேருக்குக் கிடைக்கும். பயிர் அதுவரை காத்திராது.

அதற்காக அள்ளிக்கொட்டவும் முடியாது. வெங்காய வேர் ஆழம் போகாது, கிளைப்பதும் குறைவு. நைத்திரேற்றை மண் பிடித்து வைப்பதுமில்லை. மிஞ்சியது இறைத்த தண்ணீரோடு சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. வலிகாமத்தில் பல கிணறுகள் அதைத் தாண்டியவை. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

ஆகவே பசளைக் காசை ஒரேயடியாக அனுப்பாமல், நட்டபின் ஒரு பங்கும் மூன்று நான்கு கிழமை கழித்து மற்றதுமாக அனுப்பிப் பார்க்கலாம். பசளையும் அப்படியே பிரிந்து விழும்.